கொசுறு வாங்காத டீச்சர்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க வராது. அப்படிப்பட்டவள் அச்சில் வரும் என்று தெரிந்தே எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே புனேவில் நடந்த பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில், ஒரு பேச்சு வந்தது. தெருமுனை வண்டியில் பாதி விலைக்குக் காய் கிடைக்கும்போது ஜனங்கள் ஏன் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. கடைக்குப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். "காசுத் திமிரு, வேற என்ன" என்றார் ஒருவர். "சோம்பேறித்தனம்" என்றார் அவர் மனைவி. பிறகு, "நீங்கதான் அந்தக் கடையில வேலை பாக்கறீங்களே, நீங்க சொல்லுங்க" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் இலையைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். எனக்குப் பதில் தெரியும். முழுப் பதில் இல்லை, ஒரு ஆளின் பதில். அதைச் சொல்லாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் காகிதமும் பேனாவும்.

கழுத்தில் தொங்கும் என் அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எடை மெஷினில் காய் நிறுத்ததும் வெளியே வருமே, அந்தச் சின்ன ஸ்டிக்கர். ஐந்து பச்சை மிளகாய்க்கு அடித்தது. அந்த மை சூட்டில் பதிவது, சில மாதங்களில் மங்கிவிடும். இப்போது பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். ஓரத்தில் மட்டும் கோடுகள் கொஞ்சம் தெரிகின்றன. புது அட்டை கொடுத்தபோதுகூட நகத்தால் மெதுவாக உரித்துப் புதியதில் ஒட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஹிஞ்சேவாடியில் கம்பெனி கார் ஓட்டுகிறார். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்த நான்காம் வருடம் நான் பாணேரில் அந்தக் கடையில் சேர்ந்தேன். காய்கறிப் பகுதியில், எடை மெஷின் முன்னால் நிற்கும் வேலை. வாடிக்கையாளர் காயைப் பையில் போட்டுக் கொண்டுவருவார். நான் நிறுத்து, அந்தக் காய்க்குரிய எண்ணைத் தட்டி, ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்பேன். ஸ்டிக்கர் இல்லாமல் பில் போட மாட்டார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. இந்தியும் அரைகுறை, மராத்தியும் அரைகுறையாக இருந்தவளுக்கு அந்த மெஷின் ஒரு மறைப்பு மாதிரி இருந்தது.

அங்கே நின்று பார்த்ததில், எல்லோரும் ஒரே காரணத்துக்கு வருவதில்லை. ஆபீஸ் கார் டிராஃபிக்கில் மாட்டி இரவு எட்டு மணிக்கு இறங்குகிறவர்கள் வருவார்கள். அந்த நேரத்தில் வண்டிக்காரனிடம் வாடிய கீரைதான் மிஞ்சியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் காயின் பெயரைச் சொல்லத் தெரியாமல், எடுத்துக் கூடையில் போட்டால் போதுமே என்று வருவாள். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மே மாதம் முழுக்கக் குளுமைக்காகவே நடந்த ஓர் அப்பாவும் உண்டு. அவர் பிஸ்கட் ஒன்றைத்தான் வாங்குவார். திமிருக்காக வருகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். கூடையில் வெண்ணெய்ப்பழத்தை மேலாக வைத்து, வெங்காயத்தை அடியில் தள்ளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் இதில் எதிலும் சேராதவர். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மாலை ஐந்தரைக்கு வருவார். மத்திய அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. முதல் நாள் என் முன்னால் ஒரே ஒரு கத்திரிக்காயை வைத்தார். ஒன்றுதானா என்று இந்தியில் கேட்டேன். என் இந்தியைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அரே, தமிழா நீ? எந்த ஊரு?"

"ஊத்தங்கரைப் பக்கம்ங்க."

"நான் இங்க புனேயில, கட்கியில பொறந்தவ. அப்பா வேலூர்லேருந்து ராணுவ ஃபாக்டரிக்கு வந்தாரு. ஒரு ஆளு, ஒரு கத்திரிக்கா. கணக்கு சரியா இருக்கா? ஸ்டிக்கர் ஒட்டு, சல், சீக்கிரம்."

அப்படித்தான் எப்போதும். ஒரு கத்திரிக்காய், மூன்று வெண்டைக்காய், ஒரு தக்காளி. சில நாள் ஒரு சின்ன வெள்ளரி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, தனி ஸ்டிக்கர். பின்னால் நிற்பவர்கள் முனகினால் திரும்பிப் பார்த்து, "அஞ்சாம் வகுப்புப் பசங்ககூட வரிசையில ஒழுங்கா நிக்கும்" என்பார் இந்தியில். அதற்குப் பிறகு சத்தம் இருக்காது. என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவார். என் பெண் என்ன படிக்கிறாள் என்று ஒருமுறை கேட்டார். முதல் நாள் சொன்னதற்கு மேல் தன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார், நானும் கேட்டதில்லை. எனக்குக் கேட்க வராது என்பதுதான் காரணம். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வேறு ஆள் மெஷினில் நின்றால் காத்திருந்து என்னிடம்தான் வருவார்.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு வியாழக்கிழமை டீச்சருக்கு ஜலதோஷம். குரல் கம்மி, கண் சிவந்து வந்தார். வழக்கமான மூன்று பைகளோடு அன்று ஒரு எலுமிச்சம்பழம். நிறுத்து ஒட்டினேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பார், கீறிப் போட மிளகாய் இருக்கிறதோ என்னவோ என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு பிடி பச்சை மிளகாயை எடுத்து, சின்னக் கவரில் போட்டு, அவர் தோளில் தொங்கிய துணிப்பைக்குள் செருகிவிட்டேன். அவர் கைக்குட்டையில் தும்மிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் காய் வாங்கினால் கறிவேப்பிலையோ மிளகாயோ கொசுறு போடாமல் அனுப்ப மாட்டார்கள். கேட்கிற வரைக்கும் காத்திருப்பதுகூடக் கௌரவக் குறைச்சல். என் கை அப்படியே பழகிய கை. நான் நிற்கும் இடம் சந்தை இல்லை என்பது அந்த நிமிடம் நினைவில் இல்லை.

எங்கள் கடை வாசலில் ஒரு செக்யூரிட்டி உண்டு. சாதாராப் பக்கத்துப் பெரியவர், நாங்கள் எல்லோரும் பாவூ, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். பில்லைப் பார்த்துப் பையில் உள்ளதை எண்ணி, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். பில்லில் நான்கு. பையில் ஐந்து. ஐந்தாவதில் ஸ்டிக்கர் இல்லை.

அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. "மேடம், இது பில்லில் இல்லையே" என்றார், அவ்வளவுதான். ஆனால் மாலை நேரம், வாசலில் கூட்டம். மேனேஜர் மேடம் வந்தார். டீச்சர் அந்தக் கவரைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பிக் காய்கறிப் பகுதியைப் பார்த்தார். என் கண்ணும் அவர் கண்ணும் நேராகச் சந்தித்தன. நான் குனிந்து குடைமிளகாய்களை அடுக்க ஆரம்பித்தேன். சிவப்பைச் சிவப்போடும் மஞ்சளை மஞ்சளோடும். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"என் தப்புதான். எடுத்து வெச்சேன், நிறுக்க மறந்துட்டேன்" என்று டீச்சர் இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போது வரிசையிலிருந்து ஒரு பெண், "அரே டீச்சர், நீங்களா? என்ன ஆச்சு?" என்றாள். யாரோ மாணவனின் அம்மா. வாசலில் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். இப்படி ஏதாவது நடந்தால் பெயர், போன் நம்பர், கையெழுத்து வாங்குவார்கள். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் கையெழுத்துப் போட்ட கை, அந்தப் பெண் பார்க்க அந்த ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டது. மிளகாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. ஐந்தரை ஆனால் என் கண் தானாகக் கதவுக்குப் போகும். வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்த ரிஜிஸ்டர் மேஜையில் இருக்கும். பாவூ இல்லாத ஒரு நேரத்தில் பிரித்துப் பார்த்தேன். நீலப் பேனாவில் டீச்சர் பெயர். கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக இருந்தது. அதற்கு மேல் வரியில் சாக்லேட் திருடிய யாரோ. கீழ் வரியில் ஷாம்பு.

வீட்டில் சொன்னேன். "வாயத் தொறந்தா வேலை போயிரும். அந்தம்மாவே தன் தப்புன்னு சொல்லிட்டாங்க இல்ல? விடு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெண்ணுக்குக் கல்லூரி, எனக்கு அந்தச் சம்பளம் வேண்டும். ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. எனக்குப் பழைய நினைப்பு ஒன்று வந்தது. நாங்கள் புனேவுக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் வேலை இல்லை. வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். நான் போனாலே, "ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் அக்கறையாகக் கேட்பார், ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் சும்மா போடுவார். நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு பஸ் ஸ்டாப் நடந்து, விலை அதிகமான, என்னை யாரென்றே தெரியாத கடையில் வாங்கினேன். காசு இல்லாத காலத்தில் காசு அதிகமாகக் கொடுத்து வாங்கினேன். அது நினைவுக்கு வந்த இரவில்தான் நான் டீச்சருக்குச் செய்தது என்னவென்று உறைத்தது. பெயரை ரிஜிஸ்டரில் ஏற்றியது இரண்டாவது தப்பு. முதல் தப்பு அந்த மிளகாய்.

சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். மேனேஜர் மேடத்துக்குத் தமிழ் தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். "மிர்ச்சி மைனே டாலீ தீ." மிளகாயை நான்தான் போட்டேன். இறங்கி நடக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒருவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, "ஏன் போட்டே?" என்றார். அதற்கு வாக்கியம் தயார் செய்யவில்லை. கொசுறு என்பதற்கு என்னிடம் இந்தி இல்லை. எங்கள் பக்கம் அப்படிக் கொடுப்பது வழக்கம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று எப்படியோ சொன்னேன்.

"தாயி, இது பஜார் இல்ல" என்றார். தாயி என்றால் மராத்தியில் அக்கா.

"தெரியும் மேடம். அவங்க பஜார் வேண்டாம்னுதான் இங்க வந்தாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் பேனாவை மறுபடி எடுத்தார். எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம், ஒரு மாதத்துக்கு வார விடுப்பு கிடையாது என்றார். சரி என்றேன். போகலாம் என்றார். நான் போகவில்லை.

"ரிஜிஸ்டர்ல அவங்க பேரு இருக்கு மேடம்."

"ரிஜிஸ்டர்ல அடிக்கக் கூடாது. ரூல்."

"அவங்க எடுக்கல மேடம்."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

என்ன பண்ணச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நின்றேன். பேசத் தெரியாதவர்களுக்கு நிற்கத் தெரியும். மேடம் ஒரு போன் பேசினார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், இன்னொரு போன் பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் "அரே தேவா" என்று எழுந்துபோய் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊழியரின் தவறு, வாடிக்கையாளர் மேல் குற்றம் இல்லை என்று எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்துக் காட்டினார். அதை என் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். "இத்தனை நாள் நீ பேசவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தபோது ரோட்டின் எதிர்ப்பக்கத்தில் அந்தக் குடையைப் பார்த்தேன். டீச்சர் ஒரு கைவண்டி முன்னால் நின்றிருந்தார். ஒரு கத்திரிக்காயை எடுத்து நீட்டினார். "ஏவ்டஸ்?" என்றான் வண்டிக்காரன், ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்கிற குரலில். இவ்வளவுதானா என்று அர்த்தம். ஏதோ சிரித்துச் சொல்லிக்கொண்டே தராசில் இன்னும் நான்கைந்தை அள்ளிப் போட்டான். வீட்டில் எத்தனை பேர் என்று அவன் கேட்பது கேட்டது. டீச்சர் அரை கிலோ கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் எப்படி ரோட்டைக் கடந்தேன் என்று தெரியாது. ஒரு ஆட்டோக்காரர் திட்டினார்.

"டீச்சர்."

நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போனை நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு எழுத்தை முழுக்கப் படித்தார், தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"நான் உங்கிட்ட மொளகா கேட்டேனா?"

"இல்லைங்க டீச்சர்."

"பின்ன?"

"ஒடம்பு முடியாம வந்தீங்க. பாவமா இருந்துச்சுங்க."

"ஆங். அதான். பாவம்." குடையைத் தரையில் ஊன்றினார். "உங்க கடையில வெலை ஜாஸ்தின்னு எனக்குத் தெரியாதா? கணக்கு டீச்சர்டீ நான். பைசா பைசாவாத் தெரியும். அந்த ஜாஸ்தி எதுக்குக் குடுக்கறேன்? யாரும் எனக்கு எதுவும் சும்மா குடுக்காம இருக்கத்தான். தனியா இருக்கற பொம்பளைன்னா எல்லாரும் கொஞ்சம் கூடப் போடுவாங்க. மறுநாள் அந்தக் கொஞ்சத்துக்கு ஒரு கேள்வி கேப்பாங்க. ஏன் கல்யாணம் ஆகல, வீட்டுக்கு யார் வராங்க, பண்டிகைக்கு எங்க போவீங்க. உன் மெஷின் ஒண்ணுதான் எங்கிட்ட எதுவும் கேக்கல. ஒரு கத்திரிக்கான்னா ஒரு கத்திரிக்கான்னு எழுதிக் குடுத்துச்சு."

போனை என் கையில் திருப்பி வைத்தார்.

"அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?"

"பயம்ங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் பயம்தாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். கோபம் போகவில்லை, ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "உன் பேரை நான் சொல்லல பாரு, அது நான் உனக்குப் போட்ட கொசுறு. கேக்காமப் போட்டேன். எப்படி இருக்கு? கனக்குதா?"

"கனக்குதுங்க டீச்சர்."

"இருக்கட்டும்." பையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு வாரமா மூணு வேளையும் கத்திரிக்கா தின்னுட்டிருக்கேன். போதும்." சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடந்தார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் வந்துகொண்டிருந்தார். பிறகு மாற்றல் வந்து நாக்பூர் போனார். போகிற வாரம்கூட எனக்கு எதுவும் தரவில்லை, என்னிடமிருந்து எதுவும் வாங்கவில்லை. நாக்பூரில் தொடும் மெஷின் இருக்கிற கடை ஒன்றை விசாரித்துவைத்திருப்பதாக மட்டும் சொன்னார். இப்போது எங்கள் கடையிலும் அப்படித்தான். வாடிக்கையாளரே காயின் படத்தைத் தொட்டு, ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்குக் காட்ட நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒற்றைக் காரட்டோ ஒற்றை உருளைக்கிழங்கோ கொண்டுவருகிறவர்களை இப்போது எனக்கு அடையாளம் தெரிகிறது. நினைத்ததைவிட நிறைய பேர். நான் படத்தைக் காட்டுவேன். வேறு எதுவும் கேட்க மாட்டேன். முன்பு கூச்சத்தால் கேட்காமல் இருந்தேன். இப்போது முடிவெடுத்துக் கேட்காமல் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அட்டைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டிக்கர் இரண்டாவது பிரதி. அவசரத்தில் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டேன். எழுத்து போய்விட்டாலும் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். டீச்சரை ரோட்டில் பார்த்ததற்கு மறுநாள் அடித்தது அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அவர் வருகிற நாள் இல்லை. ஐந்தரைக்கு வந்தார். மூன்று வெண்டைக்காய், ஒரு தக்காளி, ஒரு எலுமிச்சம்பழம், ஐந்து பச்சை மிளகாய். நான்கையும் தனித்தனியாக நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டினேன். வாசலில் பாவூ எண்ணினார். பில்லில் நான்கு, பையில் நான்கு. முத்திரை குத்தினார்.